மாடி அறையில் நடந்த வகுப்பு

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கிடைத்தது. கொடுத்தவள் என் மனைவி சந்திரகலா. போன வியாழக்கிழமை மத்தியானம் வாழைக்காய்ப் பொரியலை வைத்துக்கொண்டே, "காலையில ஆதிலட்சுமி வந்திருந்தா இல்ல, அவ ஒண்ணு சொன்னா பாருங்க" என்று ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். பாதியில் சிரிப்பு நின்றது. சொல்லி முடித்ததும் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு, "இதுல சிரிக்கிறதுக்கு என்னா இருக்குது? நானும் ஒருத்தி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினால் அங்கே ஒரு கதை இருக்கிறது. முப்பது வருஷமாக எழுதுகிறவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? இரண்டு தொகுப்பு போட்டிருக்கிறேன். (இரண்டும் பரண்மேல் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கரையான் மட்டும் விடாமல் வாசித்து வருகிறது.) கை ஈரம் காய்வதற்குள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது:

"விடியற்காலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிய அந்தப் பெண்ணின் முகத்தில் ஜன்னல் வழியே—"

ஜன்னல் வழியே என்ன வரும்? வெளிச்சம்தான் வரும். எத்தனை கதையில் வந்தாயிற்று! அடித்தேன்.

இரண்டாவது: "உயர்கல்வி நிறுவனங்கள் இணையவழிக்கு மாறியதன் விளைவாக மாணவர்களின் தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றில் ஏற்பட்டுள்ள—"

இதைக் கருத்தரங்கில் யாராவது வாசித்துவிட்டு போண்டா சாப்பிடட்டும். நமக்கு வேண்டாம்.

மூன்றாவது தேவலை என்று தோன்றியது. கீழே பாருங்கள்.

2

ஆதிலட்சுமிக்கு இருபத்திரண்டு வயது. எம்.எஸ்சி. புள்ளியியல், இரண்டாம் ஆண்டு. ஊர் மடுகரைப் பக்கம். அப்பா பாவாடை* இரண்டு காணி நிலத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர். அம்மா வீராயி. வீட்டில் இரண்டு கறவை மாடு உண்டு. அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான்.

(* பாவாடை ஆண்பிள்ளைப் பெயர். பாவாடைராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு வைப்பது. சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்துவிட்டு வந்து சேருங்கள், நான் காத்திருக்கிறேன்.)

பல்கலைக்கழகம் நகரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில், பிள்ளைச்சாவடியும் தாண்டி. மடுகரையிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேர்வதானால் இருட்டோடு கிளம்ப வேண்டும். நகரத்துக்குள் இருக்கிற முத்தியால்பேட்டையிலிருந்து ஒரே பஸ். அதனால் முதல் வருஷமே முத்தியால்பேட்டையில் ஹிதாயத்துல்லா என்பவர் வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்தார்கள்.

அன்றைக்குப் பாவாடை ஒரு பை அவித்த மல்லாட்டையோடு (வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வந்து, கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கிளம்பும்போது அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"உங்க பொண்ணு மாதிரி பாத்துக்குங்க."

பெண் பிள்ளைக்கு அறை விடுகிற எந்த வீட்டிலும் இந்த வாக்கியம் சொல்லப்படாமல் சாவி கை மாறாது. பத்திரத்தில் போடுகிற கையெழுத்துக்கு மேல் இது. இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் தலையை ஆட்டுவார். ஆட்டிய கணத்திலிருந்து அவர் பாதி வீட்டுக்காரர், மீதி அந்தப் பெண்ணுக்கு அப்பா. இரண்டில் எது எப்போது தலைதூக்கும் என்று அவருக்கே தெரியாது.

ஒரு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. இந்த வருஷம் துறைக் கட்டடத்தில் பழுது பார்க்கும் வேலை தொடங்கிவிட்டது. திங்கள், செவ்வாய், புதன் ஆன்லைன் வகுப்பு. வியாழனும் வெள்ளியும் மட்டும் நேரில். (எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நானே கட்டியது. அதனால்தான் கட்டடம் சரியில்லை.)

கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி யார் வீட்டிலாவது பாயை விரித்துக்கொண்டார்கள். ஒருத்தி தோள்பையிலேயே குடித்தனம் நடத்தினாள். பிரஷ், மாற்றுத்துணி, சார்ஜர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் அதற்குள்.

ஆதிலட்சுமி போகவில்லை. ஆன்லைன் என்கிற விஷயத்தையே வீட்டில் சொல்லவில்லை. "காலேஜ் போனியாம்மா?" என்று சாயங்காலம் அப்பா கேட்டால் "போனம்ப்பா" என்றாள். திங்கட்கிழமை காலையில் குளித்து, தலை பின்னி, சுடிதார் போட்டு, வாட்ச் கட்டி, செருப்பை மட்டும் மாட்டாமல் மேசை முன்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். வீட்டில் இருந்தால் அது வகுப்பாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பெண் வீட்டில் இருந்தால் வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். கண்ணெதிரே இருக்கிற பிள்ளை எப்படி காலேஜில் இருக்க முடியும்? அந்தச் சாத்திய கதவுதான் அவளுக்குப் பல்கலைக்கழகம்.

(இந்தக் கடைசி வரி எழுதியபோது எனக்கே என்னைப் பிடித்துவிட்டது. எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.)

3

ஹிதாயத்துல்லா மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்குகிறவர். அவர் கட்டிலுக்கு நேர் மேலேதான் ஆதிலட்சுமியின் மேசை. இரண்டு மாதமாக அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் ஹெட்போன் கெட்டுப்போய் வகுப்பை ஸ்பீக்கரில் வைத்த வாரம், இரண்டு மணிக்குப் பேராசிரியையின் குரல் கூரை வழியாக இறங்கி அவர் காதில் உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் புரண்டு படுத்தார். இரண்டாம் நாள் தலையணையைக் காதில் வைத்தார். மூன்றாம் நாள் மாடியேறினார்.

"என்னம்மா, காலேஜ் போவலையா?"

"ஆன்லைன் கிளாஸ் அங்கிள். வாரத்துல மூணு நாளு இங்கருந்தேதான்."

"வீட்ல தெரியுமா?"

தெரியும் என்று சொன்னாள். ஆனால் ஒரு மூச்சு தாமதித்துச் சொன்னாள்.

ஹிதாயத்துல்லா கீழே வந்து போனை எடுத்தார். அந்த வாக்கியம் அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. நம் பெண்ணாக இருந்தால் சும்மா இருப்போமா?

"ஒண்ணுமில்ல, சொல்லி வைக்கலாம்னுதான். காலேஜ் ரெண்டு நாள்தானாம். மீதி நாளெல்லாம் புள்ள ரூம்லயேதான் கெடக்குது. நீங்க நம்பி விட்டுட்டுப் போயிருக்கீங்க, அதான்..."

பாவாடை, "அப்டிங்களா பாய்?" என்றார்.

சனிக்கிழமை ஒரு குட்டியானை வண்டி தெருவில் வந்து நின்றது. பாய், தலையணை, பக்கெட், புத்தகம் எல்லாம் ஏறின. ஆதிலட்சுமியும் ஏறினாள். மேசையும் இன்னும் சில சாமானும் வண்டியில் இடமில்லாமல் மேலேயே நின்றுவிட்டன.

இந்த இடத்தில் கதை தடைப்பட்டது. தடுத்தவன் ஷஃபீக்.

ஷஃபீக் என் பள்ளிக்கூடத் தோழன். மணிக்கூண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் எழுதியதை அங்கேதான் அச்செடுப்பேன். பக்கம் மெஷினிலிருந்து வரவர நின்றபடியே படித்துவிடுவான். அன்றைக்கும் படித்தான். மூன்றாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினான்.

"யார்ரா இந்த ஹிதாயத்துல்லா?"

"கற்பனைப் பாத்திரம்."

"அப்டியா? எங்க தெருவுல கடகண்ணி வச்சிருக்கிறவன் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கடா கட்டில்ல படுக்கிறான்? மாடி வீடு உன்னுது. மத்தியானத் தூக்கம் உன்னுது. போனப் போட்டு வத்தி வச்சதும் நீ. பேரு மட்டும் எங்களுதா?"

"கதைக்கு ஒரு... ஒரு தூரம் வேணும் இல்ல ஷஃபீக்?"

"தூரமா? ரெண்டு தெரு தள்ளி எங்க தெருவுல கொண்டாந்து எறக்கியிருக்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! எடுத்துக்கினு போடா."

பக்கங்களை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். கோபம் வந்தது. அவன் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை என்பதால் நிறையவே வந்தது.

4

ஆமாம், நான்தான்.

வீட்டுக்காரன் பெயர் கலியபெருமாள். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர், எழுத்தாளர், மத்தியானம் தூங்குகிறவர். மூன்றாம் பகுதியில் ஹிதாயத்துல்லா என்று வருகிற இடமெல்லாம் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். "பாய்" என்பதை "சார்" ஆக்கிக்கொள்ளுங்கள். நானே திருத்தி எழுதியிருக்கலாம். எழுத மாட்டேன். என்ன செய்யப் பார்த்தேன் என்பது அப்படியே தெரியட்டும்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாவாடைக்குப் போன் போட்டது கடமைக்காகவா, தூக்கத்துக்காகவா? இரண்டுக்கும்தான் என்று சொன்னால் பாதி கழன்றுகொள்ளலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை வண்டி போன பிறகு நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? போய்ப் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. எழுந்தபோதுதான் கொஞ்சம் உறுத்தியது.

ஒரு மாதம் கழித்து, போன வியாழக்கிழமை, காலேஜ் போகிற வழியில், மிச்சச் சாமானில் கைக்கு அடங்கியதை எடுக்க அவள் வந்தாள். கேட் சத்தம் கேட்டது. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டது கேட்டது. நான் உள்ளறையில் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவள் போகும்வரை ஒரே பக்கத்தைப் பிடித்திருந்தேன். வேலைவாய்ப்பு விளம்பரங்கள்.

சந்திரகலாவிடம் அவள் சொன்னதுதான் இனி வருவது. அவள் சொன்னதைச் சந்திரகலா சொல்லி, அதன்மேல் நான் கட்டியது.

5

வீட்டில் அவளுக்கு மரியாதை குறையவில்லை. அதை முதலில் எழுதிவிட வேண்டும். பாவாடை இரண்டு நாள் கத்தினார், பிறகு பேசவில்லை, அவ்வளவுதான். வீராயியோ, மகள் திரும்பி வந்த சந்தோஷத்தில் தினமும் ஒரு பலகாரம் செய்தாள். திங்கட்கிழமை வகுப்புக்காகக் கூடத்து மூலையைப் பெருக்கி, அரிசி டின்மேல் துண்டு விரித்துப் போனை நிறுத்திக் கொடுத்தாள். "இங்க குந்திக்கினு படிம்மா. யாரும் வர மாட்டாங்க."

யாரும் வரவில்லை, உண்மை. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் வாசலில் நின்று, போனில் தெரிகிற முகங்களை எட்டிப் பார்த்து, "இதுல எது வாத்தியாரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. வகுப்பு திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வீராயி சமையலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

"இல்லம்மா. சுத்துது."

"சுத்தற நேரத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடேன். கன்னுக்குட்டி கத்துது பாரு. நான் பாத்துக்கிறேன்."

ஆதிலட்சுமி ஒரு கணம் யோசித்தாள். வட்டம் நிற்கிற மாதிரி இல்லை. இரண்டு நிமிஷ வேலை. மைக்கும் கேமராவும் திறந்தபடியே போனை வைத்துவிட்டு எழுந்து போனாள். வருகைப்பதிவின்போது இரண்டும் திறந்திருக்க வேண்டும் என்பது பேராசிரியை போட்ட விதி.

அவள் கொல்லையைத் தொட்டதும் வட்டம் நின்றது. நாற்பது முகம் வந்தது. பேராசிரியை பெயர் வாசிக்க ஆரம்பித்தார். அகர வரிசையில் அவள் பெயர் முதலிலேயே வரும்.

"ஆதிலட்சுமி?... ஆதிலட்சுமி, இருக்கீங்களா?"

வீராயி சும்மா இருப்பாளா? பெரிய படிப்பு படித்த அம்மா ஒருத்தர், தன் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் சொல்லாவிட்டால் என்ன நினைப்பார்? ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, குனிந்து, திரை முழுக்கத் தன் முகம் நிறைய,

"இருக்குறாம்மா! தோ, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்குறா. நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

நாற்பது பேரும் சிரித்தார்கள்.

(முதல் பிரதியில் பேராசிரியையைக் கொடுமைக்காரியாக எழுதினேன். சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். சந்திரகலாவிடம் கேட்டால், "இல்லையே, அந்த அம்மா 'சாப்பிட்டேன்மா, பொண்ண வரச் சொல்லுங்க'ன்னு தன்மையாத்தான் சொன்னாங்களாம்" என்றாள். ஆகவே கொடுமைக்காரி போய்விட்டார். இந்தக் கதையில் வில்லன் இல்லை. கீழ்வீட்டில் மத்தியானம் தூங்குகிற ஆளைச் சேர்க்காவிட்டால்.)

தண்ணித் தொட்டியருகே நின்ற ஆதிலட்சுமிக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. அம்மாவின் குரலும் கேட்டது. ஓடி வந்தாள். அதற்குள் பதிவு முடிந்து பாடம் தொடங்கிவிட்டது. அவள் உட்கார்ந்தாள், மைக்கை அணைத்தாள், கேமராவை அணைத்தாள். அம்மா பக்கத்தில் நின்று, "சொல்லிட்டேம்மா, நீ இருக்குறன்னு சொல்லிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ஆப்சென்ட். அதற்கு முந்தின வாரம் கரண்ட் போய் ஒன்று. வெள்ளிக்கிழமை வில்லியனூரில் பஸ் மாட்டிக்கொண்டு ஒன்று. பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் புள்ளியியல் மாணவிக்குப் புரியாதா? இன்னும் மூன்று வகுப்பு விட்டால் பரீட்சை எழுத முடியாது. செமஸ்டர் முடிய ஐந்து வாரம் இருக்கிறது. அடுத்த ஆன்லைன் வகுப்பு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. 'வாடகைக்கு' அட்டை மாட்டியும் யாரும் அமையவில்லை. மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. கலியபெருமாள் போன் போடுகிறார். பாவாடை நெகிழ்கிறார். அதே குட்டியானை திரும்பி வருகிறது. அதே பக்கெட் இறங்குகிறது. பின்னால் வயலின் வைத்தால் சரியாக இருக்கும்.

இரண்டு. அவள் பரீட்சை எழுதவில்லை. 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்கிறார்கள். அடுத்த வருஷம் வருவதற்குள் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவள் ஒரு நாள் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து—

இதற்குமேல் எழுதக் கை கூசியது. நான் கண்டதா, கேட்டதா? உயிரோடு ஒரு பெண் மடுகரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையெழுத்தை எழுத நான் யார்?

மூன்று. வீராயியே மகளைக் கூட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்து இறங்குகிறாள். "என்னாலதான் சார் போச்சு, நீங்களே வச்சுக்குங்க" என்கிறாள். நல்ல முடிவு. கண் கலங்கியது. பிறகுதான் கவனித்தேன்: வேலையையெல்லாம் அந்த அம்மா செய்துவிடுகிறாள், நான் கதவு திறக்கிறேன்.

சந்திரகலா காபியோடு வந்து மூன்றையும் தோளுக்குமேல் நின்று படித்தாள்.

"ஏங்க, மொதலாவதுல போன் பண்றீங்களே."

"ஆமா."

"அது கதையில. நெசத்துல எப்போ?"

"பாத்துக்கலாம். மொதல்ல கதைக்கு ஒரு முடிவு..."

"நாலு நாளா எழுதிக்கினு இருக்கீங்க. வத்தி வைக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. நாளைக்கு ஒம்போதரைக்கு அந்தப் புள்ளைக்குக் கிளாசு." காபியைக் காகிதத்தின்மேலேயே வைத்தாள். வேண்டுமென்றுதான் வைத்தாள்.

7

போன் போட்டேன்.

"சொல்லுங்க சார்" என்றார் பாவாடை. குரலில் கோபம் இல்லை, வரவேற்பும் இல்லை.

"ஆதிலட்சுமி விஷயமா... அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். என்மேலதான் தப்பு. ரூம் காலியா இருக்குது. இன்னைக்கு சாயங்காலமே அனுப்புங்க. அட்டெண்டன்ஸ் போச்சுன்னா பரீட்சையே—"

"தெரியும் சார். எல்லாம் தெரியும். அவ அம்மா தன்னாலதான்னு அழுதுக்கினு கெடக்குறா. ரூம்பு பெரிசில்ல சார்." தொடர்ந்தார். "எங்கிட்ட பொய் சொல்லிட்டாளே. ரெண்டு மாசம். காலேஜ் போனியாம்மான்னு தெனம் கேப்பேன். போனம்ப்பான்னு தெனம் சொன்னா. எதுக்கு சார் சொன்னா? நான் என்னா, படிக்க வேணாம்னா சொன்னேன்? அது தெரியாம எப்புடி சார் திரும்ப அனுப்புறது?"

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. இரண்டாம் பகுதி, கடைசிப் பத்தி. காகிதம் கையிலேயே இருந்தது. "வீட்ல இருந்தா அது வகுப்பா இருக்காதுன்னு அவளுக்குத் தெரியும் பாவாடை. அந்தச் சாத்திய கதவுதான் அவளுக்கு..."

"அப்டின்னு அவ சொன்னாளா சார்?"

கையிலிருந்த காகிதத்தைத் தாழ்த்தினேன்.

"நீங்க கேட்டீங்களா? ஒரே வீட்லதானே இருந்தீங்க."

"இல்ல. கேக்கல."

"நானும் கேக்கல சார்" என்றார். "கத்தினேன். கேக்கல."

பிறகு, "இருங்க சார், அவகிட்டயே குடுக்கிறேன். நீங்க கேளுங்க. நான் கேட்டா மறுபடியும் கத்திடுவேன். ஸ்பீக்கர்ல போடுறேன், பக்கத்துலயே இருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் காலடி. ஏதோ மெதுவாகச் சொல்கிறார். போன் கை மாறுகிறது.

வாசகரே, எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் வாட்ச் கட்டினாள் என்று எழுதினேன். யோசித்தாள் என்று எழுதினேன். அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை என்று அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து எழுதினேன். என் வீட்டு மாடியில் ஒன்றேகால் வருஷம் இருந்த பெண்ணை நான் கேட்ட ஒரே கேள்வி 'வீட்ல தெரியுமா?' அதுவும் அவளுக்காகக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. கதவு, பல்கலைக்கழகம் என்று நான் எழுதிய காரணம் சரியாகவும் இருக்கலாம். முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். அவள் சொல்லப்போவதைக் கேட்டுத்தான் பாவாடை முடிவு செய்வார். சந்திரகலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

அவள் பதிலை இங்கே நான் எழுதினால் அதுவும் என்னுடையதாகிவிடும். எழுதப் போவதில்லை. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

"அங்கிள்?"

"ஏம்மா ஆதிலட்சுமி, ஏன் வீட்ல சொல்லல?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.